ஏலம் எடுத்தவன் எஜமானா?

2024ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள். மரக்காணத்து உப்பளங்களில் வேலையில்லாத காலம். பாத்திகளில் உப்பு இல்லை, மழைநீர் நின்றது. தேநீர்க் கடையில் கூடியிருந்த உப்பளத் தோழர்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று ஏலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலம் நடந்தது சவூதி அரேபியாவின் ஜெத்தா நகரில். ஏலம் போட்டது மாட்டையோ மீனையோ அல்ல; மட்டை பிடிக்கும் மனிதர்களை! ரிஷப் பந்த் என்ற ஆட்டக்காரரை 27 கோடி ரூபாய்க்கு லக்னோ அணி எடுத்தது என்ற செய்தி வந்ததும் கடையே அதிர்ந்தது.

"இருபத்தேழு கோடி குடுத்தா நான் இமயமலைக்கே போறேன் அண்ணே! அவருக்கு இன்னா கொற?" என்றார் ஓர் இளந்தோழர்.

"முன்பணம் வாங்கினவன் கததான் தம்பி இது. தொக பெருசு, அவ்ளோதான்" என்றார் அங்கிருந்த மூத்த தோழர்.

ஆறு நாள் கழித்து அந்தக் கரையில் பெஞ்சல் புயல் கரையேறியது. உப்பளங்கள் வெள்ளக்காடாயின. ஏலப் பேச்சும் அந்த வெள்ளத்தோடு போயிற்று. ஆனால் அந்த இரண்டு தோழர்களுக்கிடையே எழுந்த வழக்கை நாம் மறந்துவிடவில்லை. ஏலத்திலோ வரிசை முறையிலோ ஓர் அணிக்கு ஒதுக்கப்படுகிற விளையாட்டு வீரனுக்கு, "நான் எந்த அணிக்கு ஆடுவது என்பதை நானே முடிவு செய்வேன்" என்று சொல்ல உரிமை உண்டா, இல்லையா? உண்டு என்பது நம் கட்சி. மூத்த தோழரின் பக்கமே நிற்கிறோம். அவர் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துகொண்டு.

அந்தத் திருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில் அடுப்பெரிய வழியில்லாமல் அளக்காரரிடம் முன்பணம் வாங்குகிற குடும்பம், தை பிறந்ததும் அந்த அளத்துக்குத்தான் போயாக வேண்டும். பக்கத்து அளத்தில் கூலி கூடுதல் என்று தெரிந்தாலும் கால் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம், வாங்கிய கடனுக்காக வேறிடத்தில் வேலை தேடும் உரிமையை இழப்பதையும் கொத்தடிமைத்தனத்தின் அடையாளங்களில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறது. கோடிகளில் புரளும் கிரிக்கெட்காரரை இந்தக் கொத்தடிமையோடு ஒரே தட்டில் வைத்தால், உண்மையான கொத்தடிமைக்கு அது இழுக்கு. ஆகவே அப்படி வைக்க மாட்டோம். ஆனால் தோழர்களே, பூட்டு தங்கத்தால் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்காக அதைப் பூட்டு இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஐ.பி.எல். என்கிற பந்தயத்தின் முதல் ஏலம் 2008 பிப்ரவரியில் பம்பாயில் நடந்தது. தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அன்றைக்கு அதுதான் உச்ச விலை. அதே ஆண்டு, 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று வந்த இளைஞர்களை மட்டும் ஏலத்தில் விடாமல் 'டிராப்ட்' முறையில் பங்கிட்டார்கள். அதாவது அணிகள் வரிசையில் நின்று ஆளுக்கொருவராகப் பொறுக்கிக்கொள்வது. டில்லிப் பிள்ளையான விராட் கோலியை டில்லி அணி எடுக்கவில்லை, பெங்களூர் எடுத்துக்கொண்டது. ஏலமானாலும் வரிசையானாலும் சங்கதி ஒன்றுதான். பெயரைப் பதிவு செய்வதோடு வீரனின் வேலை முடிந்தது. அதற்குமேல் அவன் எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர், எந்தச் சட்டை என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்து கை தூக்குகிறவர்களின் விருப்பம்.

இந்தக் கோலியைத்தான் எதிர்க்கட்சிக்காரர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். "பாருங்கள், பெங்களூருக்கே போய் 18 பருவம் ஆடி, 2025இல் கோப்பையையும் தூக்கினாரே! விருப்பம் கேட்டா அனுப்பினார்கள்?" என்பார்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் ஒன்று நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காக, பெண்ணின் சம்மதம் கேட்க வேண்டியதே இல்லை என்று சொல்வதைப் போன்றது இந்த வாதம். சம்மதம் கேட்டிருந்தாலும் அவர் போயிருக்கலாம். கேட்கவில்லை என்பதுதான் நம் புகார்.

சம்மதம் கேட்காதது மட்டுமா? கேட்டவனைத் தண்டித்தும் இருக்கிறார்கள். ரவீந்திர ஜடேஜாவின் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2008இலும் 2009இலும் ராஜஸ்தான் அணிக்கு ஆடிய இளைஞர் அவர். ஒப்பந்தம் முடிகிற வேளையில், வேறு அணியோடு கூலி பேசினார் என்பது அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம். தண்டனை என்ன தெரியுமா? 2010ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆடக் கூடாது! ஓர் ஆலையில் வேலை செய்கிற பிட்டர், ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் அடுத்த ஆலையில் என்ன சம்பளம் என்று விசாரித்தால், ஊரிலுள்ள எல்லா ஆலைகளும் சேர்ந்து ஓராண்டு அவருக்கு வேலை கொடுக்க மாட்டோம் என்று கதவடைப்பது நியாயமாகுமா? நம் தொழிற்சங்கத் தோழர்கள் அப்படி ஒரு முதலாளி கூட்டணியைக் கண்டால் சும்மா இருப்பார்களா? விளையாட்டு என்றதும் நாம் கைதட்டிக்கொண்டு இருந்துவிட்டோம்.

கதை அங்கே முடியவில்லை. அதே ஜடேஜா 2011இல் கொச்சி அணிக்கும், 2012இல் 20 லட்சம் டாலருக்குச் சென்னை அணிக்கும் போனார். பிறகு 2025 நவம்பரில் சென்னை அணியும் ராஜஸ்தான் அணியும் ஆட்களை மாற்றிக்கொண்டன. சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். ஜடேஜா எந்த அணியை விட்டுப் போகப் பார்த்ததற்காகத் தண்டிக்கப்பட்டாரோ அந்த ராஜஸ்தானுக்கே, 18 கோடி என்றிருந்த தொகை 14 கோடியாகக் குறைந்து, திரும்பிப் போனார். இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. இரண்டு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதென்றால் அந்த வீரரின் சம்மதம் வேண்டும் என்று அந்தப் பந்தயத்தின் விதியே சொல்கிறது. நல்ல விதி! மாற்றுகிறபோது சம்மதம் கேட்க முடிகிறது என்றால், முதலில் எடுக்கிறபோது மட்டும் ஏன் முடியாது? இந்தக் கேள்விக்கு நேரான பதிலை நாம் இதுவரை எங்கும் படிக்கவில்லை.

வெள்ளைக்காரருக்கும் இதே கதிதான். இங்கிலாந்தின் ஹாரி புரூக்கை அந்த ஜெத்தா ஏலத்தில் டில்லி அணி 6 கோடியே 25 லட்சத்துக்கு எடுத்தது. அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். 2025 மார்ச்சில் அவருக்கு 2 ஆண்டுத் தடை. ஏலத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் அணியின் திட்டம் குலைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நட்ட ஈடு கேட்கட்டும், அது வேறு. இரண்டாண்டு பிழைப்பைப் பறிப்பது வேறு.

"பணம்தான் கொட்டுகிறதே, எந்த அணியாயிருந்தால் என்ன?" என்று கேட்கிற இளந்தோழருக்குச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனைக் காட்டுகிறோம். எளிய உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளை. 2017 ஏலத்தில் 10 லட்சத்தில் தொடங்கிய அவர் விலை 3 கோடிக்கு ஏறியது. பஞ்சாப் அணி எடுத்தது. அடுத்த ஆண்டே ஐதராபாத் அணிக்கு 40 லட்சம். அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. 2020இல் இறக்கினார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடினார். அதே கை, அதே யார்க்கர்! மாறியது வாய்ப்பு மட்டும்தான். பிறகு 2025க்கு டில்லி அணி 10 கோடியே 75 லட்சம் கொடுத்து வாங்கியது; வாங்கிவிட்டுப் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தது.

உப்பளத்தில் வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. ஆட்டக்காரருக்கு உட்கார்ந்திருந்தாலும் கூலி உண்டு, உண்மைதான். ஆனால் உப்பளத் தொழிலாளி ஐம்பது வயதிலும் வாருபலகை பிடிக்கிறார். பந்து வீசுகிறவனின் தோளுக்கு எத்தனை ஆண்டு? பத்தா, பன்னிரண்டா? அதில் இரண்டை யாரோ ஒருவருடைய பெஞ்சில் கழித்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா? எனக்கு எங்கே ஆட இடம் கிடைக்கும், என் முழங்காலை எந்த மருத்துவர் கவனிப்பார், எந்தப் பயிற்சியாளர் என் ஆட்டத்தை வளர்ப்பார் என்று பார்த்து அணியைத் தேர்ந்தெடுப்பது ஆடம்பர ஆசையன்று. கைத்தொழில்காரன் தன் பட்டறையைத் தேர்ந்தெடுப்பது.

ஊர்ப்பற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினேஷ் கார்த்திக் சென்னைக்காரர். 2008 முதல் 2024 வரை 17 பருவங்களில் டில்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூர், குஜராத், கொல்கத்தா என்று ஆறு அணிகளுக்கு ஆடினார். சென்னை அணியின் மஞ்சள் சட்டையை ஒருநாளும் போடவில்லை. முதல் ஏலத்தில் சென்னை தன்னை எடுக்கும் என்று காத்திருந்து ஏமாந்ததை அவரே பின்னாளில் சொன்னார். சென்னை அணி அவரை எடுக்காதது அதன் உரிமை. அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால், குறைந்த தொகையானாலும் என் ஊருக்கே ஆடுகிறேன் என்று ஒரு வீரன் சொல்ல விரும்பினால், அதைச் சொல்ல அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை என்பதுதான் சங்கதி.

கபடிக்கு வருவோம். இதுதான் நம் கரைக்கு நெருங்கிய ஆட்டம். மரக்காணம் முதல் கடலூர் வரை, பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மணலில் கோடு கிழித்து இரவு முழுவதும் ஆடுகிற பிள்ளைகளை நாம் அறிவோம். 2014இல் தொடங்கிய புரோ கபடியின் முதல் ஏலத்தில் உச்ச விலை 12 லட்சத்து 80 ஆயிரம். 2025இல் ஈரான் நாட்டு ஷாட்லூயியை குஜராத் அணி 2 கோடியே 23 லட்சத்துக்கு எடுத்தது. வளர்ச்சிதான், மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஏலத்தின் அடித்தட்டில் நான்காம் பிரிவு ஆட்டக்காரருக்குத் தொடக்க விலை 9 லட்சம். 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கிக் கொடுத்த தர்மராஜ் சேரலாதன் தஞ்சை மாவட்டத்துத் தமிழர். மறு ஆண்டு தமிழ் தலைவாஸ் என்ற பெயரில் சென்னைக்கு ஓர் அணி வந்தபோது அவர் புனே அணியில் இருந்தார். தமிழ் என்ற பெயர் அணிக்குக் கிடைத்தது. தமிழ் வீரனுக்கு அணி கிடைக்கவில்லை.

பெண்களின் நிலையை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. 2016இல் மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கும் ஒரு கபடிப் பந்தயம் நடத்திப் பார்த்தார்கள். அந்த ஒரே ஆண்டோடு அதை மூடிவிட்டார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்று சென்னைக் கண்ணகி நகருக்குத் திரும்பினார் கார்த்திகா. ஊரே திரண்டு வரவேற்றது. எந்த அணியைத் தேர்ந்தெடுப்பது என்று அவரைக் கேட்க வேண்டுமானால், முதலில் அணி என்று ஒன்று இருக்க வேண்டுமே!

சரி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம் என்றால் எல்லா நல்ல வீரர்களும் பணக்கார அணியிலேயே போய்க் குவிவார்கள். நோஞ்சான் அணிகள் நசிந்துபோகும். ஆட்டம் சப்பிட்டுவிடும்" என்கிறார்கள். இதை நாம் தள்ளிவிட மாட்டோம். ஐரோப்பியக் கால்பந்தில் 1995ஆம் ஆண்டு போஸ்மன் வழக்கின் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய இடம் போகலாம் என்று வழி திறந்தது. அதன் பிறகு பெரும்பணம் படைத்த அணிகளே பெரும்பாலும் கோப்பைகளை அள்ளுகின்றன என்பது கண்கூடு. ஆனால் நம் நாட்டில் இந்த நோய்க்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஓர் அணி வீரர்களுக்காக இவ்வளவுதான் செலவிடலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். 2025 பருவத்துக்கான ஐ.பி.எல். ஏலத்தில் ஓர் அணிக்கு 120 கோடி. அந்த ஆண்டுக் கபடியில் ஓர் அணிக்கு 5 கோடி. உலைமூடி போட்டாகிவிட்டது. பிறகு எதற்குக் கையையும் கட்ட வேண்டும்? 120 கோடிக்குள் யார் யாரை எடுத்துக்கொள்வது என்பதை அணியும் வீரனும் பேசி முடித்தால் சமநிலை எந்த வகையில் கெடும்?

இதைச் செய்து பார்த்ததும் உண்டு. 2011 முதல் 2013 வரை, இந்திய அணிக்கு ஆடாத உள்நாட்டு வீரர்கள் ஏலத்துக்கு வெளியே நேரடியாக அணிகளோடு ஒப்பந்தம் செய்யலாம் என்று இருந்தது. ஆனால் கூலியை மட்டும் 10 லட்சத்திலிருந்து 30 லட்சத்துக்குள் என்று முதலாளிகளே நிர்ணயித்தார்கள். அணியைத் தேர்ந்தெடு, விலையைப் பேசாதே! 2014இல் முறையை மாற்றினார்கள்: ஏலத்தில் விலை ஏறலாம், அணியைப் பேசாதே! இரண்டில் ஒன்றைத்தான் எப்போதும் கையில் கொடுக்கிறார்கள், தோழர்களே.

அமெரிக்க நாட்டில் வீரர்களை வரிசையில் பொறுக்கியெடுக்கும் முறை 1936இலேயே கால்பந்தில் வந்துவிட்டது. அதைக் காட்டி, "பணக்கார நாட்டிலேயே இப்படித்தான்" என்று வாயடைப்பார்கள். அந்த நாட்டுக் கதையை முழுதும் சொல்லட்டும்! பேஸ்பால் என்பது அவர்கள் நாட்டுக் கிரிக்கெட். அதில் ஒருமுறை கையெழுத்திட்ட வீரன், ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதே அணிக்குத்தான் சொந்தம் என்று ஒரு விதி இருந்தது. செயின்ட் லூயிஸ் அணியில் 12 ஆண்டு ஆடிய கருப்பினத் தோழர் கர்ட் பிளட்டை 1969 அக்டோபரில் பிலடெல்பியா அணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவரைக் கேட்கவில்லை. ஆண்டுக்கு 90 ஆயிரம் டாலர் வாங்கிய மனிதர் அவர். இருந்தும், என் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் நான் உடைமைப் பொருள் அல்ல என்று ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். ஆட்ட வாழ்வும் முடிந்துவிட்டது.

ஆனால் அவருக்குப் பின்னால் சங்கம் நின்றது. அந்தச் சங்கத்தை 1966 முதல் நடத்தியவர் மார்வின் மில்லர். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? உருக்காலைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து! உருக்கு உலையடியில் கற்ற பாடத்தை ஆடுகளத்தில் நடத்தினார். 1968இல் கூட்டுப் பேச்சின் மூலம் குறைந்தபட்ச ஊதியத்தை 6 ஆயிரம் டாலரிலிருந்து 10 ஆயிரமாக உயர்த்தினார். 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பு ஒன்றின் வாயிலாக அந்தப் பழைய விதியே உடைந்தது. இன்றைக்கும் அங்கே வரிசை முறை இருக்கிறது. ஆனால் எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும், எந்த ஆண்டு விடுதலை, குறைந்த கூலி எவ்வளவு என்பதெல்லாம் சங்கமும் முதலாளிகளும் மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்ட உடன்பாடு. இங்கிலாந்திலும் 1961இல் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கூலி இல்லை என்ற வரம்பை, வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்துத்தான் கால்பந்து வீரர் சங்கம் தகர்த்தது.

நம் நாட்டில்? ஆடிக்கொண்டிருக்கிற கிரிக்கெட் வீரர்களுக்குச் சங்கமே கிடையாது. 2019இல் ஒன்று அமைந்தது, அது ஓய்வுபெற்றவர்களுக்கு. ஆடுகிறவன் பேசக் கூடாது, ஆடி முடித்தவன் பேசலாம்! ஜெத்தா ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். விலைபோனவர்கள் 182 பேர். 27 கோடிக்காரர் தம் வழக்கறிஞரை வைத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு யார்?

சட்டத்தில் பிடி இல்லாமலும் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் கட்டுப்படுத்தலாம், முடிந்த பிறகு கூடாது என்பது நீதிமன்றங்கள் வகுத்த வழி. 2006இல் பந்துவீச்சாளர் ஜாகீர்கானுக்கும் அவரது விளம்பர முகவர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவரைக் கட்ட முயன்ற விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தனியொருவராக நீதிமன்றம் போகிறவர் கர்ட் பிளட்டைப் போல வழக்கு முடிவதற்குள் வயதாகிவிடுவார்.

எனவே நம் கோரிக்கை பெரிதல்ல. முதல் ஒப்பந்தத்துக்கு வரிசையோ ஏலமோ இருந்துவிட்டுப் போகட்டும். புதுப் பையனை எல்லா அணிகளும் பார்க்க அது உதவும். ஆனால் பெயர் கொடுக்கும்போதே இந்த இரண்டு அணிகளுக்குப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க அவனுக்கு இடம் வேண்டும். இரண்டு ஆண்டு முடிந்ததும் செலவு வரம்புக்குள் யாரோடும் பேச உரிமை வேண்டும். ஒரு பருவம் முழுவதும் ஆடவைக்காத அணியை விட்டு விலக உரிமை வேண்டும். இவற்றைப் பேச ஆடுகிற வீரர்களின் சங்கம் வேண்டும். அதில் 27 கோடிக்காரரும் 9 லட்சக்காரரும் ஒரே பாயில் உட்கார வேண்டும்.

கடற்கரைக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்க் கபடிப் பிள்ளை எவனாவது அணித் தேர்வுக்குப் போய், கையில் ஒப்பந்தத் தாளோடு வந்து நின்றால், மகிழ்ச்சியில் உடனே கையெழுத்துப் போட விடாதீர்கள். எத்தனை ஆண்டு, காயம்பட்டால் யார் செலவு, ஆடவைக்காவிட்டால் கூலி உண்டா, விலகினால் என்ன தண்டனை என்ற நான்கையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்துக் காட்ட ஆளில்லை என்றால் தாளை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு அவனை அழைத்து வாருங்கள். முன்பணச் சீட்டுகளைப் படித்துப் பழகிய தோழர்கள் அங்கே இருக்கிறார்கள்.